முதல் ஜப்பானிய அழகியர் படம்: எடோ மூலமா, மெய்ஜி அச்சா, ஷின்-ஹங்காவா, மறுவெட்டா?

ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளில் பெண்களின் உடை, கூந்தல் அலங்காரம், ஒப்பனை, அன்றாடப் பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைக் காட்டும் படங்களுக்கு ‘பிஜின்-கா’, அதாவது அழகியர் படம், என்று பெயர். அருங்காட்சியகத்திலோ கணினித் திரையிலோ அப்படி ஒன்றைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தவர்கள், ஒன்றையாவது சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்ததும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். 2016இல் பாரிசில் நடந்த ஏலத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓவியர் கிதாகாவா உதாமாரோவின் ஒரு தாள் 7 லட்சம் யூரோவுக்கும் மேல் போனது. அவருடைய கையெழுத்தைத் தாங்கிய வேறொரு தாள் ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலைக்குள் கிடைக்கிறது. இரண்டுமே மரக்கட்டையில் செதுக்கி, கையால் அச்சிட்டவை என்றுதான் விற்பனைக் குறிப்பும் சொல்கிறது. எதை நம்பிப் பணத்தைக் கொடுப்பது என்று என்னிடம் கேட்டவர்களுக்காக, என் கையில் எடுத்துப் பார்த்த தாள்களை வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஒப்பிடுவது நான்கு தெரிவுகளை: எடோக் காலத்து (1603–1868) மூல அச்சு, மெய்ஜிக் காலத்து (1868–1912) அச்சு, 20ஆம் நூற்றாண்டின் ‘ஷின்-ஹங்கா’ எனும் புதிய அச்சு, பழைய படத்தைப் புதிய கட்டையில் செதுக்கிய மறுவெட்டு.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். அவற்றுள் எனக்கு முதன்மையானது, ஒரு தாள் அந்தக் காலத்து உடையையும் பழக்கத்தையும் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பது. அழகியர் படத்தை வெறும் அழகிய முகமாகப் பார்ப்பவர், அதில் எழுதியிருப்பதில் பாதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார். ஓபி எனும் இடைக்கச்சையின் முடிச்சு முன்புறம் இருந்தால் அவர் பெரும்பாலும் உயர்நிலைக் கணிகை. பின்புறம் இருந்தால் மற்றப் பெண்கள். தொங்கும் நீண்ட கைப்பகுதி மணமாகாத இளம்பெண்ணுக்கு உரியது. மழித்த புருவமும் கறுப்பேற்றிய பற்களும் மணமானவர் என்பதைச் சொல்லும். 19ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில், குசும்பப் பூவிலிருந்து எடுத்த ‘பெனி’ச் சாயத்தை அடுக்கடுக்காகப் பூசிக் கீழுதட்டைப் பச்சையாக மின்னச் செய்யும் வழக்கம் பரவியது, கெய்சாய் எய்சென், குனிசாடா ஆகிய ஓவியர்களின் படங்களில் அந்தப் பச்சை உதட்டை இன்றும் பார்க்கலாம். அச்சுப் பிழை என்று எண்ணி அதை ஒதுக்கியவரை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, நிறங்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பது. மூன்றாவது, அந்தத் தாள் எப்போது, யாருடைய கட்டையிலிருந்து அச்சானது என்பதை நம்மால் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பது. நான்காவது, விலையும் விலைப்பட்டியலில் வராத செலவுகளும். ஐந்தாவது, அதைச் சுவரில் மாட்ட முடியுமா, பெட்டியில்தான் வைக்க வேண்டுமா என்பது.

## எடோக் கால மூல அச்சு

பல வண்ண அச்சான ‘நிஷிகி-எ’ 1765இல் சுசூகி ஹருனோபுவின் கையில் மலர்ந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் ஈசோடா கோர்யூசாய் தொடங்கிய ‘ஹினாகாதா வகானா நோ ஹட்சுமோயோ’ என்ற வரிசை நூறு தாள்களைத் தாண்டியது. எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) கேளிக்கைப் பகுதியான யொஷிவாராவின் கணிகையர் புத்தாண்டுக்கென்று அணிந்த புதிய கிமோனோ வடிவங்களை ஊருக்கெல்லாம் காட்டிய வரிசை அது. 1790களில் உதாமாரோ முழு உருவத்தை விட்டு, மின்னும் அப்ரகப் பின்னணியில் முகத்தையும் தோளையும் மட்டும் நெருக்கமாகக் காட்டினார். ஆடை வரலாற்றின் மூலச்சான்று வேண்டுமென்றால் இதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆட்சியாளர்கள் இந்தப் படங்களைத் தடைகளால் கட்டுப்படுத்தவும் முயன்றார்கள். தேநீர்க் கடைப் பெண்களின் பெயரை அச்சிடக் கூடாது என்று 1793இல் தடை வந்தது. பெயரைப் பட விடுகதையாக மறைத்து எழுதியபோது 1796இல் அதற்கும் தடை. 1800இல் பெருமுகப் படங்களுக்கே கட்டுப்பாடு.

இந்தத் தெரிவின் மறைவான விலை நிறத்தில் இருக்கிறது. ட்சுயுகுசா எனும் சிறு பூவிலிருந்து எடுத்த நீலம் ஒளிபட்டால் மங்கிப் பழுப்பாகிவிடும். பெனிச் சிவப்பு வெளிறும். அந்த இரண்டும் கலந்த ஊதாவின் நிலை இன்னும் மோசம். நாம் இன்று ‘பழமையின் மென்னிறம்’ என்று ரசிப்பதில் பெரும்பகுதி, சாயம் போன துணியை ரசிப்பதற்கு ஒப்பானது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் ஏறத்தாழ 6,500 அச்சுகளைக் கொடுத்தபோது, அவற்றை ஒருநாளும் பொதுப் பார்வைக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். அந்த நிபந்தனையால்தான் அந்த நீலமும் ஊதாவும் உண்மையில் எப்படி இருந்தன என்பது நமக்குத் தெரிகிறது. அப்படிப்பட்ட தாள் நம் கைக்கு வராது. நமக்கு எட்டும் விலையில் வரும் உதாமாரோ, மங்கியதாகவோ விளிம்பு வெட்டியதாகவோ பூச்சி அரித்ததாகவோ இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தும் வரும்.

எடோதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு நான் சொல்வது: உதாமாரோவை விட்டுவிட்டு, 1820 முதல் 1850 வரையிலான எய்சென், குனிசாடா தாள்களைப் பாருங்கள். அவை மிகுதியாக அச்சானவை என்பதால் விலை பலமடங்கு குறைவு. 1830 வாக்கில் இறக்குமதியான பிரஷ்யன் நீலம் பரவிவிட்டதால் அந்த நீலம் இன்னும் நிற்கிறது. படத்துக்குள்ளேயே ‘பியென் செஞ்சோகோ’ என்ற முகப்பூச்சு மாவின் பொட்டலத்தை வைத்து விளம்பரம் செய்யும் தாள்கள் அந்தக் காலத்தவை. ஒப்பனைப் பழக்கத்துக்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. வரலாற்று மாணவருக்கும், மங்கிய நிறத்தை மங்கியதென்று தெரிந்தே நேசிப்பவருக்கும் எடோ பொருந்தும். முதல் தாளை வரவேற்பறையில் மாட்ட நினைப்பவருக்குப் பொருந்தாது.

## மெய்ஜிக் கால அச்சு

உடையும் பழக்கவழக்கமும்தான் உங்கள் ஈடுபாடு என்றால், முதல் தாள் இங்கிருந்து வர வேண்டும் என்பது என் முடிவான கருத்து. நீண்டகாலம் சேகரிப்பாளர்கள் இந்தக் காலத்தைத் தேய்வுக் காலம் என்று புறக்கணித்தார்கள். அந்தப் புறக்கணிப்பின் எச்சம் இன்னும் விலையில் இருக்கிறது. கைவினையைப் பார்த்தால் தேய்வு எதுவும் தெரியவில்லை. செதுக்குபவரும் அச்சிடுபவரும் தங்கள் திறமையின் உச்சத்தில் நின்ற காலம் அது.

மேலும், ஒரு சமூகம் தன் ஆடையை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை உணர்ந்தே தீட்டிய படங்கள் இவை. 1873இல் பேரரசியே பல் கறுப்பதையும் புருவம் மழிப்பதையும் கைவிட்டார். 1883இல் டோக்கியோவில் ரோகுமெய்கான் மாளிகை திறக்கப்பட்டு மேல்நாட்டு நடன விருந்துகள் தொடங்கின. எண்ணெய் தடவி இறுக்கிக் கட்டும் பழைய கொண்டைக்கு மாற்றாக எளிய ‘சொகுஹட்சு’ முடிச்சைப் பரப்ப 1885இல் ஒரு சங்கமே அமைந்தது. எப்படி முடிய வேண்டும் என்று காட்டும் அச்சுத் தாள்களும் வெளிவந்தன. 1887இல் அதாச்சி கிங்கோ வெளியிட்ட தையல் படத்தில் பெண்கள் மேல்நாட்டு உடைகளை அமர்ந்து தைக்கிறார்கள்.

இரண்டு ஓவியர்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ட்சுகியோகா யோஷிதோஷி 1888இல் வெளியிட்ட ‘ஃபூசோகு சன்ஜூனிசோ’, பெண்களின் பழக்கவழக்கங்களை 32 தாள்களில் காட்டுவது. 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தன் காலம் வரை ஒவ்வொரு தாளுக்கும் ஒரு காலத்தையும் ஒரு வாழ்நிலையையும் எடுத்துக்கொள்கிறது. தலைப்புகள் எல்லாம் ‘அப்படித் தோன்றுகிறது’ என்ற பொருளில் முடிகின்றன. பூனையைக் கட்டியணைக்கும் சிறுமிக்குத் ‘தொல்லையாகத் தோன்றுகிறது’, புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்ணுக்குப் ‘புகைச்சலாகத் தோன்றுகிறது’, மேல்நாட்டு உடையில் இருக்கும் மெய்ஜிப் பெண்ணுக்கு ‘உலாவப் போவதாகத் தோன்றுகிறது’ என்று ஒரு கணத்தின் மனநிலையை உடையோடு பிணைக்கும் வேலை அது.

மற்றவர் யோஷூ சிகானோபு. 1890களின் நடுவில் வந்த ‘சியோடா நோ ஓஓகு’ என்ற முத்தாள் (மூன்று தாள்கள் சேர்ந்து ஒரே காட்சியாவது) வரிசை, எடோக் காலத்தை ஆண்ட டோகுகாவா குடும்பத்தின் ஆட்சியில் வெளியார் எட்டிப்பார்க்க முடியாதிருந்த அந்தப்புரத்தின் சடங்குகளையும் விளையாட்டுகளையும் ஆடைகளையும் காட்டுகிறது. 1897இல் தொடங்கிய 36 தாள்கள் கொண்ட ‘ஷின் பிஜின்’, தாளுக்கு ஒரு பெண்ணாகத் தன் காலத்து உடையைக் காட்டுகிறது. ‘ஜிதாய் ககாமி’ வரிசையில் பெரிதாக ஒரு பெண்ணின் முகமும் கொண்டையும், மேலே சிறு கட்டத்தில் அந்தக் காலத்தின் ஒரு வழக்கமும் வரும். கூந்தல் வரலாற்றுக்கு மட்டும் ஒரே ஒரு வரிசையைச் சொல்லச் சொன்னால், நான் இதைச் சொல்வேன்.

என்னிடம் உள்ள சிகானோபு தாள் ஒன்றில் பெண்ணின் மேலாடை நேராகப் பார்த்தால் வெறும் கறுப்பு. ஒருநாள் மாலையில் ஜன்னலோரம் அதைக் கிடைமட்டமாகச் சாய்த்தபோது, அந்தக் கறுப்புக்குள் மற்றொரு கறுப்பாக நெசவுக் கோலம் பளபளவென்று எழுந்து வந்தது. தாளின் முகப்பு மேலே இருக்கும்படி கட்டையின் மேல் வைத்து, அந்த முகப்பையே தேய்த்து மெருகேற்றும் ‘ஷோமென்-சுரி’ என்ற உத்தி அது. கழுத்துப் பட்டையில் மை இல்லாமல் அழுத்திய புடைப்பு வேலையும் இருந்தது. விரல் நுனியை அருகில் கொண்டுபோனால் தடிமன் தெரிகிறது. நெற்றியோர முடியைப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டருக்குள் பல இழைகள் தனித்தனியாக நிற்கின்றன. பட்டறையில் மூத்த செதுக்குநருக்கே விடப்பட்ட வேலை அது. இந்த இழைகள் உடைந்தோ தடித்தோ இருந்தால், கட்டை தேய்ந்த பிறகு எடுத்த அச்சு என்று பொருள்.

மறைவான செலவுகளும் இங்கே உண்டு. மெய்ஜிக் காலத்துச் செயற்கைச் சிவப்பும் ஊதாவும் தண்ணீர் பட்டால் கசியும். ஈரக் கையால் தொட்டாலே போதும். முத்தாளை உடைத்துத் தனித்தாளாக விற்கிறார்கள். நடுத்தாள் மட்டும் கிடைத்தால் காட்சி பாதியில் நிற்கும். என் முதல் அனுபவமும் கசப்பானதே. ஒரு விற்பனையாளர் அனுப்பிய அழகான நேர்ப்படத்தை மட்டும் நம்பி ஒரு தாளை வாங்கினேன். வந்து சேர்ந்தபோது நான்கு விளிம்பும் வெட்டப்பட்டு, தடித்த அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தது. மெய்ஜி அச்சுகளில் வெளியான நாளும் வெளியீட்டாளரின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும். ஆகவே அழகு குறைந்ததோடு அந்தத் தாளின் பிறப்புச் சான்றிதழும் போய்விட்டது. அட்டையைப் பிரிக்கக் காகிதப் பாதுகாப்பு வல்லுநர் கேட்ட கட்டணம், நான் கொடுத்த விலையைவிட அதிகமாக இருந்தது.

## ஷின்-ஹங்கா

1915 வாக்கில் வெளியீட்டாளர் வாத்தனாபே ஷோசாபுரோ பழைய பட்டறை முறையை மீட்டெடுத்துத் தொடங்கிய இயக்கம் இது. ஹாஷிகுச்சி கோயோ 1920இல் வெளியிட்ட ‘கூந்தல் வாரும் பெண்’, இத்தோ ஷின்சுய் 1916இல் தந்த ‘கண்ணாடி முன்’ ஆகியவை இதன் சிகரங்கள். தோலின் நிறமும் கூந்தலின் எடையும் இவ்வளவு நெருக்கமாக வேறு எந்தக் காலத்து அச்சிலும் வந்ததில்லை. நிறங்கள் பெரும்பாலும் புதிதாகவே இருக்கின்றன. அறையில் மாட்டினால் உடனே கண்ணைக் கவரும்.

ஆயினும் என் முதல் அளவுகோலில் இது பின்தங்குகிறது. இந்தப் பெண்கள் பெரும்பாலும் தனியாக, குளித்து முடித்தோ தலைவாரியோ ஒரு காலமற்ற அறையில் இருக்கிறார்கள். வெளியே டோக்கியோவில் டிராம் வண்டியும் திரையரங்கும் வந்துவிட்டதற்கு இங்கே அடையாளம் குறைவு. அமெரிக்க வாங்குபவர்களையும் மனத்தில் வைத்து உருவானதால், பழைய ஜப்பான் என்ற ஏக்கத்தையே இவை பெரும்பாலும் பேணின. கொபயகாவா கியோஷி 1930இல் வெளியிட்ட ‘ஹொரொயோய்’ ஒரு சிறந்த விதிவிலக்கு: குட்டையாக வெட்டிய முடி, விரலிடுக்கில் சிகரெட், மேசையில் மதுக்கிண்ணம், நேராக நம்மைப் பார்க்கும் இளம் முகம். ‘மொகா’ என்று அழைக்கப்பட்ட நவீனப் பெண்ணை அறிய அந்த ஒரு தாள் போதும். அதன் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இங்கே மறைவான செலவு, பதிப்பு பற்றிய குழப்பம். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி காந்தோ நிலநடுக்கத்தில் வாத்தனாபேயின் கட்டைகளும் இருப்பும் எரிந்தன. அதற்கு முந்தைய தாள்கள் அரிதானதும் அதனால்தான். கோயோ 1921இலேயே மறைந்தார். அவருக்குப் பின் அவருடைய குடும்பத்தார் வெளியிட்ட அச்சுகளும் சந்தையில் இருக்கின்றன. ஓவியர் உயிரோடிருந்தபோது வந்த அச்சுக்கும் பிற்கால அச்சுக்கும் விலையில் பல மடங்கு வேறுபாடு உண்டு. விளிம்பிலுள்ள வெளியீட்டாளர் முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. அதை ஒப்பிடத் தெரியாமல் பெரிய தொகையைக் கொடுக்க வேண்டாம். ஓவியமாக ரசிக்க, அறையில் ஒரே ஒரு படத்தை மாட்ட விரும்புபவருக்கு, ஷின்-ஹங்காவின் பிற்கால அச்சு நியாயமான தேர்வு.

## மறுவெட்டு அச்சு

‘ஃபுக்கொகு’ என்பது பழைய படத்தைப் பார்த்துப் புதிய கட்டைகளில் மீண்டும் செதுக்கி அச்சிடுவது. டோக்கியோவில் 1928இல் தொடங்கிய அதாச்சி நிறுவனம் இன்றும் காட்டுச் செர்ரிக் கட்டையும் கையால் செய்த ஹோஷோ தாளும் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது. நான்கு தெரிவுகளில் விலை குறைந்தது இதுவே. மேலும், உதாமாரோவின் ஊதா வெளிவந்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்பதை மங்கிய மூலத்தைவிட இது நன்றாகக் காட்டுகிறது. இதைப் போலி என்று இழிவாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கைத்திறன் உயிரோடிருப்பது இதை வாங்குபவர்களால்தான்.

சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. மறுவெட்டும்போது ஓவியரின் கையெழுத்து, பழைய வெளியீட்டாளரின் குறி, தணிக்கையின் ‘கிவமே’ முத்திரை ஆகிய அனைத்தும் சேர்ந்தே செதுக்கப்படுகின்றன. நூறாண்டுக்கு முந்தைய மறுவெட்டுகள் தாமாகவே பழுப்பேறி, இன்று மூலமென்று கைமாறுகின்றன. மறுவெட்டை மறுவெட்டு விலைக்கு வாங்குங்கள். திருப்பி விற்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மாணவருக்கும், வெயில் படும் சுவரில் தயக்கமில்லாமல் மாட்ட விரும்புபவருக்கும், பரிசளிப்பவருக்கும் இது ஏற்றது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத படைப்புகளின் படங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட்ட பிறகு, கோப்பை இறக்கி நல்ல தாளில் அச்சிட்டுக்கொள்வோரும் உண்டு. படிப்புக்கு அது மிக உதவும். புடைப்பும் அப்ரகமும் தாளின் பின்புறம் ஊறிய மையும் அதில் வராது என்பதால், அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## அட்டவணை

| | எடோ மூலம் | மெய்ஜி | ஷின்-ஹங்கா | மறுவெட்டு |
|---|---|---|---|---|
| உடை, பழக்கச் செய்தி | மிக உயர்வு | மிக உயர்வு; பல காலங்களை ஒப்பிடலாம் | குறைவு, சில விதிவிலக்குகள் | மூலத்தைப் பொறுத்தது |
| நிற நிலை | பெரும்பாலும் மங்கியது | நன்று. ஈரத்துக்கு அஞ்ச வேண்டும் | மிக நன்று | புதியது |
| காலத்தை உறுதிசெய்தல் | கடினம் | விளிம்பு இருந்தால் எளிது | முத்திரை அறிவு தேவை | நிறுவனத்திடம் நேரில் வாங்கினால் ஐயமில்லை |
| விலை | குனிசாடா நடுத்தரம், உதாமாரோ மிக அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம் முதல் மிக அதிகம் | குறைவு |
| மறைவான செலவு | செப்பனிடல், வல்லுநர் கருத்து | ஒட்டு நீக்கல், உடைந்த முத்தாள் | தவறான பதிப்புக்குக் கூடுதல் விலை | மறுவிற்பனை மதிப்பின்மை |
| மாட்டலாமா | சில வாரங்கள் மட்டும் | சில மாதங்கள், பிறகு ஓய்வு | நேர்வெயில் இல்லாத சுவரில் | மாட்டலாம் |

எல்லாத் தெரிவுக்கும் பொதுவான செலவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரவழைத்தால் அஞ்சல், காப்பீடு, சுங்கம் ஆகியவை விலை குறைந்த தாளின் மதிப்பைத் தாண்டிவிடக்கூடும். காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக 50 லக்ஸ் ஒளியை எல்லையாக வைக்கின்றன. நம் வீட்டுப் பகல் வெளிச்சம் அதைப் பலமடங்கு மிஞ்சும் என்பதால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அமிலமற்ற அட்டையும் தேவை. தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்து ஈரப்பதம் பழுப்புப் புள்ளிகளைக் கொண்டுவரும். அந்த மாதங்களில் தாளைக் கழற்றி, உலர்த்தி மணிகள் வைத்த பெட்டிக்குள் வைத்துவிடுவது என் வழக்கம்.

பணம் அனுப்பும் முன் விற்பனையாளரிடம் மூன்று படங்களைக் கேட்டு வாங்குங்கள்: நான்கு விளிம்பும் முழுதாகத் தெரியும் படம், தாளின் பின்புறப் படம், விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த படம். முதலாவதில் தேதியும் வெளியீட்டாளரும் தெரியும். இரண்டாவதில் மை ஊறியிருக்கிறதா, அட்டை ஒட்டியிருக்கிறதா, ஓட்டைகளை அடைத்திருக்கிறார்களா என்பது தெரியும். மூன்றாவதில் புடைப்பும் மெருகும் மடிப்புத் தழும்புகளும் எழுந்து நிற்கும். இந்த மூன்றில் ஒன்றை அனுப்பத் தயங்குபவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.